கை அறியாத காய்ச்சல்

பழவங்காடியில் கோலப்பன் நடத்திய சாப்பாட்டுக் கடையில் வடை போட்டுக்கொண்டிருந்தவர் கோமதிநாயகம். மீசை அரும்பும் வயதில் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தவர், அதே கடையில் மாவாட்டிய மாடம்மாளைக் கட்டிக்கொண்டு திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்டார். பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை இருவரும் விட்டுப் பல காலம் ஆகியிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் கடைசியில் அவர் வலது கையில் வெளிறிய தேமல் ஒன்று படர்ந்தது. அரிக்கவில்லை, நோகவில்லை. அடுப்படியில் நிற்கிறவன் தோல் இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். ஒரு மத்தியானம் யாரோடோ தேர்தலைப் பற்றிப் பேசிச் சிரித்தபடி எண்ணெய்ச் சட்டியின் விளிம்பில் கையை ஊன்றியிருந்தார். தீய்கிற வாடை மாடம்மாளுக்குத்தான் முதலில் எட்டியது.

"ஐயோ, கைய எடுங்க!"

எடுத்தார். சுண்டுவிரல் தோல் சட்டியிலேயே ஒட்டிக்கொண்டது.

"வலிக்கலையா?"

"இல்லையே," என்றார். சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது.

ஆஸ்பத்திரியில் குஷ்டம் என்றார்கள். டாக்டர் சாம்பசிவன் ஊரின் பழைய கோட்டைக்குள் இருந்த அக்ரஹாரத்துக்காரர், தமிழ் பேசுவார் என்பது ஒன்றே ஆறுதல். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் கிருமி செத்துவிடும் என்றார் அவர். அதற்குள் கடையில் விஷயம் பரவிவிட்டது. கோலப்பன் அவரைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனார்.

"உம்ம மேல எனக்கு ஒரு வெறுப்பும் இல்லவே. ஆனா திங்க வாறவன் சும்மா இருப்பானா? சுகமாயிட்டு வாரும், அடுப்பு உமக்குத்தான்."

மாடம்மாளையும் சேர்த்தே நிறுத்தினார். அவள் கட்டட வேலைக்கு மணல் சுமக்கப் போனாள். கோலப்பன் சொன்ன அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கோமதிநாயகம் வருஷக்கணக்கில் மாத்திரை விழுங்கினார். கடைசியில் ஒருநாள் தோலைக் கீறிச் சோதித்துவிட்டு, கிருமி இல்லை என்றார்கள். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கடைக்கு நடந்தார். கோலப்பனும் வாக்குத் தவறாமல் மாவை எடுத்து முன்னால் வைத்தார். ஆனால் இதற்குள் இரண்டு கைகளிலும் உணர்வு போயிருந்தது; வடை தட்ட விரல்கள் நிமிரவில்லை. மாவு கையில் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது. உருண்டைகள் தரையில் விழ விழ, கோலப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுபடியும் டாக்டரிடம் போனார்.

"கிருமி போச்சுன்னு சொன்னீங்களே சாரே, கை ஏன் வரல்லே?"

டாக்டர் அவரை உட்காரச் சொன்னார்.

"நரம்பைச் சுத்தி உறை மாதிரி செல்கள் இருக்கு. கிருமி அதுக்குள்ளதான் குடியிருக்கும். செல்லுக்குள்ள ஜீன்னு உண்டு. எதை எப்போ செய்யணும், எதை நிறுத்தணும்னு உத்தரவு அங்கேருந்துதான். கிருமி உள்ள இருந்துண்டு அந்த உத்தரவையே மாத்திடறதோன்னு ஒரு சந்தேகம். நிச்சயமாத் தெரியாது. ஆனா கிருமி செத்தப்புறமும் பட்டுப்போன நரம்பு திரும்பறதில்லே. அதைக் கண்ணால பாக்கறோமே."

"அத மாத்த மருந்து உண்டா?"

"இல்லே."

அன்றைக்குப் பிறகு அவர் வீட்டோடு இருந்தார். மாடம்மாள் அவரை அடுப்புப் பக்கம் விடமாட்டாள். கஞ்சியைக்கூட ஆற்றித்தான் கையில் கொடுப்பாள்.

வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடித்திருந்த ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பியவள் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உடம்பு அடிச்சுப்போட்டாப்பல இருக்கு. நெத்தியத் தொட்டுப் பாருங்க, காய்ச்சல் அடிக்கான்னு."

மறந்துபோய்க் கேட்டாளோ, அவரையும் ஒரு ஆளாக மதித்துக் கேட்டாளோ. அவர் கையை வைத்தார். சூடும் இல்லை, குளிரும் இல்லை. மரக்கட்டையை வைத்ததுபோல் இருந்தது. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஒண்ணுமில்ல. பச்சத்தண்ணியா இருக்கு."

அவள் அதை நம்பினாள். சும்மாட்டை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். மத்தியானம் கட்டடச் சாரத்தடியில் விழுந்தவளைக் கூட வேலை செய்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நிமோனியா முற்றி நெஞ்சை அடைத்திருந்தது. இத்தனை காய்ச்சலோடு எப்படி வேலைக்கு விட்டீர்கள் என்று நர்ஸ் கேட்டாள். மறுநாள் மாடம்மாள் இறந்துபோனாள்.

அதன்பிறகு, பார்த்துக்கொள்ள ஆளில்லாத அவரை ஆஸ்பத்திரிக்காரர்கள் குஷ்ட நோயாளிகள் இல்லம் ஒன்றில் சேர்த்தார்கள். கடைசிவரை அங்கேதான் இருந்தார். வருகிறவர்கள் சம்சாரத்தைப் பற்றி விசாரித்தால், "அவளுக்குக் காய்ச்சல் இருந்துது," என்பார்.