இருபது என்று எழுதினேன்

ஒருவர் நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்பதை அவருக்குத் தெரியாமல் எண்ண வேண்டும். எண்ணப் போகிறோம் என்று சொன்னால் மூச்சு மாறிவிடும். அதனால், நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதைக் கவனித்து எண்ணுவோம். நோயாளியின் பக்கத்தில் நிற்கும் எவரும், அவர் டாக்டரானாலும் ஆயாவானாலும், முதலில் கற்க வேண்டியது எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். எனக்கு இது தெரியும். தெரிந்தும் செய்யாமல் இருந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், திண்டுக்கல்லில் எட்டுக் கட்டில் போட்ட ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். அந்த ஊரில் எனக்கு உறவென்று யாரும் இல்லை. டாக்டர் மனைவியை இழந்தவர். மத்தியானத்தில் மருந்து கலக்கும் மேஜையைத் துடைத்துவிட்டு, மெஸ்ஸிலிருந்து வரும் தூக்குச்சட்டியைத் திறந்து இருவரும் சேர்ந்து சாப்பிடுவோம்.

"இன்னிக்கு என்னய்யா வெஞ்சனம்?"

"கத்திரிக்கா சார்."

"நேத்தும் அதான?"

"நேத்து வச்சதேதான் சார்."

அவர் சிரிப்பார். அந்த ஊரில் என்னோடு உட்கார்ந்து சிரித்த ஒரே மனிதர் அவர்.

கட்டிலில் தொங்கும் அட்டையில் காய்ச்சல், நாடி, மூச்சு என்று மூன்று கட்டங்கள் உண்டு. முதல் இரண்டையும் ஒழுங்காகப் பார்ப்பேன். மூன்றாவதில் பெண்களுக்கு மட்டும் எண்ணாமலே, இயல்பான மூச்சுக்கு உள்ள இருபதை எழுதுவேன். ஒரு பெண்ணின் நெஞ்சை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. டாக்டர் அதற்கும் வழி காட்டியிருந்தார். நோயாளியின் கையை அவர் வயிற்றின் மேலேயே வைத்து நாடி பிடித்தால், கை ஏறி இறங்குவதை வைத்து எண்ணிவிடலாம். நெஞ்சைப் பார்க்கவே வேண்டியதில்லை. ஆகவே கூச்சம் என்பதும் பாதிதான் உண்மை. மீதி சோம்பல். கொஞ்ச நாளில் ஆண்களுக்கும் இருபது என்றே எழுதினேன்.

ஊரெங்கும் விஷக்காய்ச்சல் பரவியிருந்த சமயம். தாடிக்கொம்புப் பக்கம் பூந்தோட்டம் வைத்திருந்த ஒருவர் தன் மனைவியைச் சேர்த்தார். முப்பது வயதிருக்கும். முதல் நாள் டாக்டர் ஸ்டெதஸ்கோப் குழலை வைத்துப் பார்த்தார். நெஞ்சு சுத்தமாக இருந்தது. மறுநாள் காலை நான் நாடி பார்த்துக்கொண்டிருந்தபோது, புருஷன் கட்டிலருகே வந்து நின்றார்.

"ஐயா, இவளுக்கு மூச்சு வாங்குற மாதிரி இருக்கு. நேத்து இம்புட்டு இல்ல."

அந்த அம்மாள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "செத்த நேரம் சும்மா இருங்க. பூப்பறிக்க ஆள் இல்லைன்னு இவருக்குத்தான் மூச்சு வாங்குது."

நான் சிரித்துவிட்டேன். "காய்ச்சல் அசதிதான், சரியாப் போயிரும்" என்றேன். அவள் கை என் விரல்களுக்குள்தான் இருந்தது. இன்னும் ஒரு நிமிடம் பிடித்திருந்தால் போதும். விட்டுவிட்டு, இருபது என்று எழுதினேன்.

அன்று வாசல்வரை கூட்டம். டாக்டர் அவசரமாக வந்தார். புருஷன் மூச்சைப் பற்றி அவரிடமும் சொன்னார். டாக்டர் அட்டையைப் பார்த்தார். "மூச்சு சரியாத்தான் இருக்கு, பயப்படாதீங்க" என்று சொல்லி, முதல் நாள் கொடுத்த காய்ச்சல் மிக்சரையே தொடரச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவள் நெஞ்சில் குழல் வைக்கவில்லை.

மறுநாள் விடியும்போது அவள் உதடு நீலம் பூத்திருந்தது. நிமோனியா. பெனிசிலின் போட்டோம். ஒரு நாள் முந்திப் போட்டிருக்க வேண்டியது. மத்தியானம் இறந்துபோனாள். புருஷன் வாடகை வண்டிக்குள் அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு போனார்.

டாக்டர் அட்டையைக் கையில் எடுத்தார். "நேத்து நீ எண்ணினியாய்யா?"

"எண்ணினேன் சார்."

"அப்ப நான்தான் குழல் வச்சுப் பார்த்திருக்கணும்" என்றார்.

அன்று தூக்குச்சட்டி திறக்கப்படவே இல்லை. அடுத்த நாளிலிருந்து வயிறு சரியில்லை என்று சொல்லி, என் சாப்பாட்டை அறைக்கு எடுத்துப் போனேன். அவரும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். சுவரைப் பார்த்துச் சாப்பிடப் பழகினேன். அன்று முதல் ஒவ்வொருவருக்கும் முழு நிமிடம் எண்ணினேன். அதைச் சொல்லிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

இதைவிட மோசமானது பின்னால் வந்தது. புதிதாகச் சேர்ந்த நர்ஸுகளுக்கு டாக்டர் பாடம் சொல்லும்போது, "மூச்சு இருபதா இருந்தா நிமோனியா இல்லைன்னு நினைச்சிராதீங்க. எனக்கே ஒரு கேஸ் அப்படி ஆச்சு. எண்ணினவர் இதோ இருக்காரு" என்று என்னைக் காட்டுவார். அவர்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். ஒரு பெண் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தாள். நான் எண்ணாத எண் அந்த நோட்டுகளில் பாடமாகப் போனது. நான் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தேன்.

சில வருஷம் கழித்து, உடம்பு முடியாமல் டாக்டர் மகனோடு இருக்கக் கோயம்புத்தூருக்குப் புறப்பட்டார். வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு நான் ஒருவன்தான் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் போனேன். பெட்டியை மேலே ஏற்றினேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பழனிக்குப் போகும் கூட்டம் முண்டியடித்து ஏறிக்கொண்டிருந்தது.

"அந்தப் பூந்தோட்டத்து அம்மா," என்று அவரே ஆரம்பித்தார். "இன்னும் மனசு அடங்கலய்யா. நான் பார்க்காத எதையாவது நீ பார்த்தியா?"

"இல்ல சார்" என்றேன்.

"சரி, வாரேன்" என்று ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். பஸ் நகரும்வரை விடவில்லை.