படலையில் நின்று பழைய நேரம் சொன்னவன்

மரண அறிவித்தல் போடுகிற வெப்சைட்டில் வேலை செய்கிறவனிடம் ஒருவரும் "சுகமா இருக்கிறியோ" என்று தொடங்குவதில்லை. "ஏன் திறக்குதில்லை" என்றுதான் தொடங்குவார்கள். கணினியைத் தொட்ட பாவத்துக்கு ஊராரிடம் பேச்சு வாங்குகிற சகபாவிகளே, உங்களுக்கு இது புதிசில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, றிசல்ட் வரும்வரைக்கும் என்று சுன்னாகத்தில் ஒரு மாடியறையில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குத் தெரிந்தது இரண்டு: சேர்வரை ஓடவைப்பேன், யாருடைய குரலிலும் கதைப்பேன்.

படலையடி

இங்கே ஒருவர் கண்ணை மூடினால் கனடா, லண்டன், பாரிஸ் எல்லாம் ஒரே நேரத்தில் எங்கள் சைட்டைத் திறக்கும். இருந்த ஒரேயொரு சேர்வர் படுத்துவிடும். கனடாக்காரர் ஒருவர் போனில் மூக்கால் பேசியது இன்னும் என் தொண்டையில் இருக்கிறது: "தம்பி, பெரியம்மா செத்ததை விட உங்கடை சைட் செத்ததுதான் எங்களுக்குப் பெரிய பிரச்சினை."

அதற்காக முன்னால் ஒரு கேஷ் புறொக்ஸியை நிறுத்தினேன். செத்தவீட்டில் வாசல் படலையடியில் ஒருவர் நிற்பாரே, "எத்தினை மணிக்குப் பிரேதம் எடுக்கினம்" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் தானே பதில் சொல்லி, உள்ளே அழுகிறவர்களைக் கரைச்சல்படுத்தாமல் பார்த்துக்கொள்கிறவர். அதே வேலைதான். பக்கத்தின் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு கேட்கிறவர்களுக்கெல்லாம் அதையே நீட்டும். சைட் பறந்தது. பிரதியை ஐந்து நிமிசம் வைத்திருந்தால் போதும் என்றேன். முதலாளி சிவா அண்ணை தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "செத்தவன் அஞ்சு நிமிசத்திலை எழும்பப்போறானே? ஒரு நாளுக்குப் போடு."

பதினாலு அனுதாபம்

உடுவிலில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் அனுதாபச் செய்தி எழுதி அனுப்பினார். பிரதி பழசல்லவா, எழுதியது தெரியவில்லை. திரும்ப அனுப்பினார். அப்போதும் இல்லை. மனுசி விடவில்லை. அடுத்த நாள் பிரதி மாறியபோது பதினாலும் வரிசையாக வந்து நின்றன, கடைசி ஐந்திலும் எழுத்துப்பிழை, கோபமாக்கும். செத்தவரின் மருமகள் போன் எடுத்தார்: "மாமி படுக்கையிலை கிடந்த காலத்திலை உவ ஒருக்காலும் எட்டிப் பாக்கேல்லை. இப்ப பதினாலு தரம் வந்து நிக்கிறா."

பழசைத் துடை

அறிவித்தலைத் திருத்தினால் பழைய பிரதி தானாகவே அழிகிற மாதிரி நாலு வரி எழுதியிருக்கலாம். நான் எழுதவில்லை. அதற்குப் பதிலாக, அறிவித்தல்களை ஏற்றுகிற தர்சினி அக்காவின் கணினியில் 'பழசைத் துடை' என்று ஒரு பட்டன் வைத்தேன். ஏனென்று கேளுங்கள். கீழே தேத்தண்ணிக் கடைக்குப் போய், அங்கே நிற்கிற எவனுடைய போனிலாவது அக்காவைக் கூப்பிட்டு, சிவா அண்ணையின் குரலில், "பிள்ளை, நேரம் மாத்திப்போட்டன், கெதியாப் பழசைத் துடை, விளங்குதோ" என்று கனைப்பேன். அக்கா பதறிப்போய்ப் பட்டனை அமத்துவா. நான் ரோல்ஸைக் கடித்துக்கொண்டே மேலே ஏறி வந்து அவவின் முகத்தைப் பார்ப்பேன். நாலு வரி எழுதினால் அந்த விளையாட்டு நின்றுபோயிருக்கும்.

ஐந்தாம் முறை அகப்பட்டேன். அக்கா சிரிக்கவில்லை: "இனி சிவா அண்ணை கனைச்சாலும் அடையாள அட்டை கேட்டுத்தான் துடைப்பன்."

இரண்டு மணி

சண்டிலிப்பாயில் ஒரு ஐயா செத்துப்போனார். பின்னேரம் இரண்டு மணிக்கு எடுப்பதென்று அறிவித்தல் போட்டோம். முதல்நாள் மாலையில் ஐயர் நேரம் சரியில்லை என்று சொல்ல, காலை பத்துக்கு மாற்றினார்கள். அந்த வீட்டிலேயே நின்ற சிவா அண்ணை அங்கிருந்த கணினியில் தானே திருத்தினார். உள்நுழைந்து பார்க்கிற அவருக்குப் பிரதி வராது, புதுசுதான் வரும். பத்து என்று இருந்தது. தன் போனில் சார்ஜ் இல்லாததால் அந்த வீட்டுக்காரரின் போனில் அக்காவைக் கூப்பிட்டார். தெரியாத நம்பர். கனைப்பு. "கெதியாப் பழசைத் துடை, விளங்குதோ." நான் அப்போது கீழே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். நானென்று நினைத்து அக்கா போனை வைத்துவிட்டு, "போடா குரங்கே" என்றா. துடைத்திருப்பா, லைன்தான் விழுந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சொந்தக்காரர் எல்லோருக்கும் போனில் சொல்லியாயிற்று, ஒருவரைத் தவிர. ஐயாவின் தம்பி, கொடிகாமச் சந்தையில் மரக்கறி விற்கிறவர். ஒரு வேலிப் பிரச்சினையில் பதினொரு வருசமாக அண்ணனோடு கதையில்லை. அவருக்கு எங்கள் சைட் ஒன்றுதான் வழி. இரண்டு மணி என்று பார்த்துவிட்டு, வெள்ளை வேட்டியோடு பஸ் ஏறிப் பதினொன்றரைக்குப் போய் இறங்கியிருக்கிறார். வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்களாம்.

அங்கிருந்து நேரே எங்களிடம்தான் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். கதிரையில் உட்கார்ந்து, போனை மேசையில் வைத்து, "உதிலை ரெண்டு மணி எண்டுதானே கிடக்கு" என்றார். அக்கா என்னைப் பார்த்தா. ஓடிப்போய்ப் பட்டனை அமத்தினேன். பிறகு அவருடைய போனிலும் புதுசாக்கிக் கொடுப்போம் என்று கையை நீட்டினேன். அவர் போனை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். சுவர் மணிக்கூட்டில் ஒரு மணிக்குக் கால்மணி இருந்தது. "துடைக்காதை தம்பி. உதின்படி பாத்தா அண்ணையை இன்னும் எடுக்கேல்லை."

அந்த நாலு வரியை அன்றைக்கே எழுதிவிட்டேன், பழசு இப்போது தானாகவே அழிகிறது, நானும் என் சொந்தக் குரலில்தான் கதைக்கிறேன், ஆனால் தர்சினி அக்கா இரண்டையும் நம்புவதில்லை.