உல்கான் தூக்கிக் கொடுத்த முள்ளுக்காடு

உல்கான் அக்காவை யாராவது நல்லவள் என்று சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். அவ்வளவு நல்லவளாக இருந்து என்னத்தைக் கண்டாள்? தலைநகர் பிஷ்கெக்குக்குப் போகும் பழைய சாலை ஓரத்தில், எங்கள் பக்கத்து வீட்டு வாசலில், மண் அடுப்பு வைத்துச் சம்சா சுட்டு விற்றவள். மலை இறங்கி வரும் லாரிக்காரர்கள் அவள் வாசலில்தான் பிரேக் போடுவார்கள். புருஷன் அசான் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டான். மூக்கொழுகிக்கொண்டு நின்ற அவன் தம்பி பெக்துரை அந்த அடுப்பை வைத்தே படிக்கவைத்து ஆளாக்கினாள். அவளுக்குப் பெற்ற பிள்ளை இல்லை. இவன்தான் எல்லாம்.

படித்து முடித்த பெக்துர் ஒரு சாலைக் காண்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தான். நகரம் வீங்கிக்கொண்டே போனது. அதைச் சுற்றி ஆறு வழிச் சாலை போடப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. லாரிகள் அந்தப் பக்கம் போய்விட்டால் அடுப்பை என்ன செய்வது என்று அக்காவுக்குத் தூக்கமே போயிற்று.

ஒருநாள் மத்தியானம் பெக்துர் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தான்.

"சுயுஞ்சு! அண்ணி, சுயுஞ்சு குடு!"

நல்ல சேதி கொண்டுவந்தவன் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் அவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. எங்களுக்கு அது ரத்தத்தில் ஊறினது. சேதி என்னவென்று தெரிவதற்கு முன்பே கை மடியைத் துழாவும்.

"தர்றேன்டா, முதல்ல சொல்லித் தொலை!"

"பெரிய ரோட்டுல இருந்து இறங்குற வழி உன் வாசலுக்கு நேரா வருது அண்ணி! வரைபடத்த என் கண்ணால பாத்தேன். இனி லாரி எல்லாம் இங்கதான்!"

அக்கா அழுதேவிட்டாள். "என்னடா வேணும் உனக்கு? கேளு."

"பின்னாடி கால்வாய்ப் பக்கம் ஒரு துண்டு நெலம் சும்மா கெடக்குதே, அதக் குடு."

"அந்த முள்ளுக்காடா? நீ ஆட்டுக்குட்டி கேப்பேன்னு நெனச்சேன், பைத்தியக்காரா!"

தெருவே சிரித்தது. நானும்தான் சேர்ந்து சிரித்தேன். மறுநாளே போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

சாலை வந்தது. அக்கா வாசலுக்கு நேராக வந்தது இரண்டு ஆள் உயரக் காங்கிரீட் சுவர். இறங்கு வழி கால்வாய்ப் பக்கம் போயிற்று. முள்ளுக்காட்டில் பெட்ரோல் பங்க் முளைத்தது, ஒட்டினாற்போல் பெரிய சாப்பாட்டுக் கடையும். முதலாளி யார்? பெக்துர்!

"வரைபடம் மாறிடுச்சு அண்ணி, என் கையில என்ன இருக்கு?" என்றான். அக்கா நம்பினாள். நம்பத்தான் ஆசைப்பட்டாள், பாவி.

எனக்கு மனசு கேட்கவில்லை. ரோடு ரோலர் ஓட்டுகிற தோக்தொசுனை அவள் எதிரிலேயே நிறுத்திக் கேட்டேன்.

"மாறவா? இறங்கு வழிக்கு அளந்து முத முதல்ல அடிச்ச முளை அதே கால்வாய்ப் பக்கந்தான் நிக்குது. பெக்துர்தானே கூட நின்னு அடிச்சான்."

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"சும்மா கேட்டிருந்தாலே குடுத்திருப்பேனேடி. எதுக்குடி பொய் சொன்னான்?"

கடை திறப்புக்குப் பெக்துர் ஆடு அறுத்தான். வீட்டுக்குப் பெரியவள் அவள்தான். அவள் ஆசி சொல்லாமல் யாரும் கறியில் கை வைக்க முடியாது. அதனால் கார் அனுப்பிக் கூட்டிவந்தான், துணைக்கு நானும் ஏறிக்கொண்டேன். அத்தனை பேரும் ஆசிக்காகக் கை ஏந்திக் காத்திருந்தார்கள்.

"சொல்லு அண்ணி," என்று இளித்தான். "இனி நீ வெயில்ல வேகாத. இங்கேயே வந்து சம்சா சுடு, சம்பளம் போட்டுத் தர்றேன்."

அக்கா மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"சாகும்போது உங்கண்ணன் உன்னைப் புடிச்சு என் கையில குடுத்தாரு. இப்ப விட்டுட்டேன்டா."

எழுந்து நடந்தாள். ஏந்திய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒருவரும் கறியைத் தொடவில்லை.

நான் பின்னாலேயே ஓடினேன். வழி நெடுக அவனை வாயில் வந்தபடி திட்டினேன். நாசமாய்ப் போவான் என்று நான் சொன்னதும் அக்கா சட்டென்று நின்றாள்.

"போதும்டி, வாய மூடு," என்றாள். "நான் வளத்த புள்ள."