அண்ணன் காட்டுக்கு எதிரே ஒரு பல்கலைக்கழகம்

ராமப்பனுக்குத் தன் அண்ணன் கிருஷ்ணப்பன் மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. சூளகிரிப் பக்கம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், கிருஷ்ணப்பனைத் தவிர.

பாகம் பிரித்தபோது வழக்கப்படி மூத்தவன் இரண்டாகப் பிரித்தான், இளையவன் முதலில் எடுத்தான். ராமப்பன் யோசிக்காமல் கிணற்றோடு இருந்த நிலத்தை எடுத்துக்கொண்டான். ரோட்டோரக் கல்லுக்காடு அண்ணன் தலையில் விழுந்தது. அன்றைக்கு ராமப்பனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு அந்தக் காட்டுக்கு நேர் எதிரே ஒரு தனியார் பல்கலைக்கழகம் வந்தது. கிருஷ்ணப்பன் வரிசையாக அறைகள் கட்டி மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டான். டீக்கடை, மெஸ், ஜெராக்ஸ் கடை என்று ரோடே மாறிப்போனது. ராமப்பனும் சும்மா இருக்கவில்லை. மாடுகள் வாங்கி, தீவனப்புல் வளர்த்து, அந்தக் கடைகளுக்கெல்லாம் பால் ஊற்றினான். நல்ல வரும்படிதான். ஆனாலும் பால் கேனோடு அண்ணன் கட்டிய மாடியைக் கடக்கும்போதெல்லாம் வயிறு எரியும். தானே வேண்டாமென்று விட்ட காடு என்பதால் யாரையும் திட்டவும் வழியில்லை.

ஒரு நாள் தாங்க முடியாமல் பல்கலைக்கழக அலுவலகத்துக்கே போய், வெளி அறைகளில் பையன்கள் குடித்துவிட்டுக் கூத்தடிக்கிறார்கள் என்று இல்லாததைச் சொல்லிவிட்டு வந்தான். அடுத்த செமஸ்டரிலிருந்து எல்லோரும் வளாக விடுதியில்தான் தங்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். சாப்பாடும் உள்ளேயே. அண்ணன் அறைகளில் பூட்டுத் தொங்கிய அன்று, மனைவி சுகுணாவிடம் கோழிக்குழம்பு வைக்கச் சொன்னான் ராமப்பன்.

அந்த வாரமே மெஸ்காரர் பால் வேண்டாம் என்றார். டீக்கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. விடுதிக்கு பாக்கெட் பால் வேனில் வந்தது. ராமப்பன் இரண்டு மாடுகளை விற்க வேண்டியதாயிற்று.

மாடுகளை ஓட்டிப்போன அன்று சாயங்காலம் கிருஷ்ணப்பன் வந்து கொட்டகையில் உட்கார்ந்தான்.

"எவனோ வயித்தெரிச்சல்ல போட்டுக் குடுத்துட்டான் ராமா. எனக்கு ஒண்ணுமில்ல, ரூமுங்கள கம்பெனிப் பசங்களுக்கு உட்டுட்டேன். உன் பால் பொழப்பு போச்சேன்னுதான் எனக்குத் தூக்கமே வர்ல."

அண்ணன் சொன்னது அத்தனையும் மனசார வந்தது என்று ராமப்பனுக்குத் தெரியும். அதுதான் அறைகளைப் பார்த்தபோது எரிந்ததைவிட அதிகமாக எரிந்தது.