கண்ணாடி வாங்கப் போய் ஃபேன் வாங்கினேன்

தள்ளுபடி கூப்பன் என்றால் கடைக்காரர் எனக்குத் தர வேண்டிய பணம் என்றே நம்பியிருந்தேன். மனைவியின் மூக்குக்கண்ணாடியை வாங்கிவர போளூர் போனவனுக்கு, போனில் வந்திருந்த ஃபேன் கடைக் கூப்பன் அன்றே காலாவதி என்றதும் பதறிவிட்டது. இருநூறு ரூபாய் தள்ளுபடியை விட மனமில்லாமல், கண்ணாடிப் பணத்தில் டேபிள் ஃபேன் வாங்கி, மலைமேல் இருக்கும் எங்கள் ஜமுனாமரத்தூருக்கு பஸ் ஏறினேன்.

"கண்ணாடி எங்கங்க?"

"இருநூறு மிச்சம் பண்ணியிருக்கேன், பாரு."

"இந்தக் குளிர்ல ஃபேனா? போட்டு வுடுறேன், முன்னாடி உக்காருங்க."

அன்று அவள் சாமையில் கல்லை விரலால் தடவித் தடவிப் பொறுக்கினாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போதெல்லாம் அவள் சொன்னதை வாங்கிய பிறகே போனைத் திறக்கிறேன்.

கூப்பன் மறுநாளே புதுத் தேதியோடு வந்தது. கண்ணாடி அடுத்த மாதம்தான் வந்தது.