எங்கள் தெருவுக்கு வந்த படகு

நான் படகுகளை வரைகிறவள். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கோவளம். மணலில் குடையை ஊன்றிக்கொண்டு, கரையேற்றிய ஃபைபர் படகுகளையும், கயிறு அவிழ்த்துக் காயப்போட்ட கட்டுமரங்களையும், வலையில் சிக்கிய மீனை உதறும் பெண்களையும் வரைவேன். ஆனால் எந்தப் படகிலும் ஏறியதில்லை. நீச்சல் தெரியாது, தண்ணீர் என்றாலே பயம். குப்பத்துப் பெண்கள், "வாங்க டீச்சர், ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்று கூப்பிட்டால் சிரித்து மழுப்பிவிடுவேன்.

முதன்முதலாகப் படகில் ஏறியது எங்கள் வீட்டு மாடியிலிருந்துதான்.

அந்த வருஷ மழையில் முடிச்சூர் பக்கம் இருந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஏரிகள் நிரம்பி, அடையாறு கரை தாண்டி, நாங்கள் தூங்கி எழுவதற்குள் கீழ்த்தளம் தண்ணீருக்குள் போயிருந்தது. நானும் கணவரும் மாடியறையில் இருந்தோம். என் படங்கள் எல்லாம் கீழே ஹாலில். படிக்கட்டில் நின்று எட்டிப் பார்த்தேன். நான் வரைந்த கட்டுமரம் ஒன்று, படம் மேலே தெரிய, படிக்கட்டின் வளைவில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று சுற்றி என் பக்கம் வரும், திரும்பிப் போகும். அதற்குமேல் பார்க்க முடியாமல் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மழை விட்டிருந்தது. நாய் குரைக்கவில்லை, காக்கை கத்தவில்லை. எதிர்வீட்டுக் கார் அடியோடு முழுகிக் கிடந்தது. ஆனால் அதன் முன்விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. செம்மண் நிறத் தண்ணீருக்கு அடியில் இரண்டு மஞ்சள் வட்டங்கள்.

"ஷார்ட் சர்க்யூட்டா இருக்கும்" என்றார் கணவர். சொன்னாரே தவிர, அவரும் பால்கனியின் அந்தப் பக்கத்துக்குப் போகவில்லை.

மதியவாக்கில் படகு வந்தது. மோட்டாரைத் தூக்கிவைத்துவிட்டு, மூங்கில் கழியால் ஊன்றித் தள்ளிக்கொண்டு இரண்டு பேர். முன்னால் நின்றவருக்கு ஐம்பது வயது இருக்கும். பின்னால் இருந்தவன் அவருடைய மனைவியின் தம்பி என்று பிறகு தெரிந்தது.

"எத்தினி பேரு கீறீங்க?" என்றார் பெரியவர்.

"ரெண்டு பேருதான். நீங்க எங்கேர்ந்து வர்றீங்க அண்ணா?"

"கோவளம். போட்ட லாரில ஏத்திக்கினு வந்தோம். பாத்து எறங்குமா, அந்த சன்ஷேடுல கால வைய்யி."

எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. படகுக்குள் நடுப்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தினமும் காய்கறி வாங்கப் போகிற தெரு. இப்போது கேபிள் ஒயர் தலைக்கு நேராக இருந்தது. கேட்டுகளின் கூர்முனை அடியில் உரசும்போதெல்லாம் படகு பல்லைக் கடிப்பதுபோல் ஒரு ஓசை எழுந்தது.

தெருமுனையில் ஒரு மாடிவீடு உண்டு. சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள், வீடு பூட்டிக் கிடந்தது. பெரியவர் படகை அதன் பக்கம் திருப்பினார். கிட்டே போனபோது உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. டக். சற்று இடைவெளி. மறுபடி டக். யாரோ உள்ளிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி.

"உள்ள யாராச்சும் கீறீங்களா?" என்று கத்தினான் தம்பி.

சத்தம் நின்றது. நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தோம். பிறகு, மெதுவாக, மறுபடியும் டக்.

அவன் தொற்றி ஏறி, மாடிக் கதவின் கண்ணாடியை உடைத்து உள்ளே போனான். வெளியே வரும்போது சிரித்துக்கொண்டே வந்தான். "யாருமே இல்ல மாமா. படிக்கட்டாண்ட கேஸ் சிலிண்டர் மிதக்குது. அதான் கதவுல முட்டிக்கினு கீது."

நானும் கணவரும்கூடச் சிரித்துவிட்டோம். பெரியவர் சிரிக்கவில்லை. மாடி ஜன்னலையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரூமுல்லாம் நல்லா பாத்தியா மச்சான்?"

"பாத்தேன் மாமா. தூசிதான் கீது."

தெரு திரும்பும்வரை அவர் அந்த ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எங்களை மேட்டுச் சாலையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

தண்ணீர் வடிந்தது. சேற்றை வாரிக் கொட்டினோம். படங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பல மாதங்கள் தூரிகையைத் தொடவே மனமில்லை. பிறகு ஒருநாள் எங்கள் தெருவையே வரைய ஆரம்பித்தேன். தண்ணீர், அதில் படகு, கழியோடு அந்தப் பெரியவர், தெருமுனை வீடு, அடியில் எரியும் மஞ்சள் விளக்குகள். முடிந்ததும் அவருக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. கோவளத்தில் விசாரித்துக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மச்சானும் மாமாவும் படகு நிழலில் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர் ஆள் மெலிந்திருந்தார். படத்தை மடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தான் கீது டீச்சர். அந்தம்மா எங்க?"

"எந்தம்மா அண்ணா?"

"மூல வூட்டு ஜன்னல்ல நின்னுக்கினு இருந்தாங்களே. பச்சப் பொடவ. அவங்களப் பாத்துத்தான போட்ட திருப்புனேன்."

"சத்தம் கேட்டுத்தானே போனோம்?"

"சத்தம் கிட்ட போனதுக்கு அப்பறம்தான கேட்டுது."

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். படகு திரும்பியபோது நான் எதையும் கேட்டிருக்கவில்லை.

அவருடைய மனைவி மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். "இதே பேச்சுதாங்க்கா. நைட்டுல எழுந்து குந்திக்கினு, ஒரு பொம்பளைய தண்ணில வுட்டுட்டு வந்துட்டேன்னு சொல்லுது. கடலுக்கும் சரியாப் போவல."

அங்கே யாரும் இறக்கவில்லை, வீடு காலியாகத்தான் இருந்தது என்று நான் எடுத்துச் சொன்னேன். அவர் தலையாட்டினார். நம்பவில்லை என்று முகம் சொன்னது. "அப்போ நேர்ல வந்து பாருங்களேன்" என்றேன். அந்த வீட்டுச் சாவி பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் இருந்தது.

அடுத்த வாரம் பகலில் புருஷனும் பெண்டாட்டியும் பஸ் பிடித்து வந்தார்கள். வீடு திறந்ததும் காய்ந்த சேற்றின் நாற்றம். கீழ்த்தளச் சுவரில் உயரத்தில் சேற்றுக்கோடு. மாடிக்கு ஏறினோம். அந்த ஜன்னல் இருக்கும் அறைக்குள் முதலில் பெரியவர்தான் நுழைந்தார். நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஜன்னலை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய இரும்பு பீரோ நின்றது. சுவரோடு ஒட்டி, ஒரு விரல்கூட நுழைய இடமில்லாமல். அதன் கால்களைச் சுற்றித் துருப் படிந்து தரையோடு பிடித்துப் போயிருந்தது. பல வருஷங்களாக அசைக்காத பீரோ. ஜன்னலுக்கும் அதற்கும் நடுவே ஒரு ஆள் நிற்க வழியே இல்லை.

பெரியவர் பீரோவின் மேல் உள்ளங்கையை வைத்தார். ஒருமுறை தள்ளிப் பார்த்தார். அது நகரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியிடம் சொன்னார்:

"அப்போ நான் யாரையும் வுட்டுட்டுப் போவல."

"அதத்தான நாங்க சொல்லிக்கினே கீறோம்" என்றாள் அவள். அவளும் அழுதாள்.

எங்கள் வீட்டில் காபி குடித்தார்கள். அவர் அன்றைக்கு நன்றாகப் பேசினார், பிஸ்கட்டைத் தொட்டுச் சாப்பிட்டார். மறுவாரமே கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டார் என்று மச்சான் போனில் சொன்னான். அவருக்கு அந்த பீரோ போதுமாக இருந்தது. உயிரோடு ஒருத்தி அங்கே நின்றிருக்க முடியாது, அவ்வளவுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

எனக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. அவர் பார்த்தது யாரை என்று நான் கேட்கவில்லை. கணவரிடம் பேச்செடுத்தபோது, "மேகம் கண்ணாடில பிரதிபலிச்சிருக்கும், விடு" என்றார். படத்தில் அவளைச் சேர்த்துப் பார்க்கலாம் என்று பச்சை வண்ணத்தைக் குழைத்தும் வைத்தேன். ஜன்னல் பக்கம் கை போகவில்லை. தட்டிலேயே காய்ந்துபோயிற்று.

இப்போது அந்த வீட்டில் வாடகைக்கு ஒரு இளம் தம்பதி இருக்கிறார்கள். மறைமலை நகரில் கார் கம்பெனியில் வேலை அவனுக்கு. குடிவந்த அன்றே நாலு பேரை வைத்து பீரோவை நகர்த்திவிட்டார்கள். நல்ல பெண். சாயங்காலம் நான் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது அந்த ஜன்னலில் வந்து நின்று கை ஆட்டுவாள். நானும் ஆட்டுவேன். ஆனால் உடனே அல்ல. அவள் என்ன நிறம் உடுத்தியிருக்கிறாள் என்று முதலில் பார்த்துக்கொள்வேன்.