இறங்காத கண்ணாடி

இதைக் கதையாக நினைத்துப் படிக்க வேண்டாம். என் மனைவியின் உடம்பில் ஒரு தழும்பு இருக்கிறது. இடது தோளில் ஆரம்பித்து, குறுக்காக இறங்கி, வலது இடுப்பில் முடிகிறது. மூன்று விரல் அகலம். டாக்டர் களிம்பு மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டார். மறையவில்லை. அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். யாரால் வந்தது என்பதும் தெரியும். என்னால்.

பேய் என்றதும் நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பீர்கள். இதில் அதெல்லாம் இல்லை. எல்லாம் பகல் வெளிச்சத்தில் நடந்தது.

பழைய கார்களைப் பிரித்து விற்கும் யார்டில் எனக்கு வேலை. எஞ்சின் இறக்கி இறக்கியே முதுகு வளைந்துவிட்டது. யார்டில் எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ஆள் செத்த வண்டி என்றால், அதிலிருந்து இறக்கிய எஞ்சினின் அடியில் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுவோம். எங்களில் பாதிப் பேருக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியாது, எனக்கும்தான். அதனால்தான் கோடு. கோடு போட்டதைத் தெரிந்தவர்களுக்கு விற்கக் கூடாது. எங்கேயாவது தூரத்தில் பாதி விலைக்குப் போய்விடும்.

என் மனைவியின் தம்பி வாடகைக்குக் கார் ஓட்டுகிறான். பழைய கார். அவன் வீட்டு அடுப்பு எரிவதே அதை வைத்துத்தான். எஞ்சின் தேய்ந்து, எண்ணெயைக் குடித்துப் புகையாகத் துப்பிக்கொண்டிருந்தது. "மாமா, என்னைப் பார்த்தா தெருவுல எல்லாரும் ஜன்னலைச் சாத்துறாங்க. கொசு மருந்து வண்டின்னு நினைக்கிறாங்க போல" என்பான். சிரித்துக்கொண்டே சொன்னாலும் சவாரி பாதியாகக் குறைந்திருந்தது. பழைய எஞ்சினையே சிலிண்டர் கடைந்து போர் போட்டு, பிஸ்டன் மாற்றித் தர மெக்கானிக் கேட்ட பணத்தில் இன்னொரு கார் வாங்கிவிடலாம். புது எஞ்சின் கனவில்கூட வராது. அதனால் என்னிடம் வந்தான்.

நானும் பெரிய மனுஷன் மாதிரி வகுப்பெடுத்தேன். எஞ்சின் விலையை மட்டும் பார்க்காதே. வேறு மாடல் எஞ்சின் என்றால் தாங்குகிற பட்டையை வெல்டிங் செய்ய வேண்டும், கியர் பாக்ஸ் சேராது, வயரிங் மாறும், சுற்றி வருகிற செலவு ஆளை விழுங்கிவிடும். அதே கார், அதே வருஷம் பார்ப்போம், மிச்சத்தில் கிளட்ச் பிளேட்டையும் ஹோஸ்களையும் மாற்றிவிடலாம் என்றேன். அவன் பணத்தை எடுத்து என் கையில் வைத்தான். எண்ணிக்கூடக் கொடுக்கவில்லை.

"நீங்க பார்த்துச் செய்ங்க மாமா."

யார்டில் அப்படி இரண்டு எஞ்சின்கள் இருந்தன. ஒன்று, பின்னால் லாரி இடித்த காரிலிருந்து வந்தது. சுத்தமானது. இன்னொன்று, ஏரியில் மூழ்கிய காரிலிருந்து வந்தது. அடியில் வெள்ளைக் கோடு. அந்தக் காரைப் பிரித்தவன் நான்தான். மச்சான் காரின் மேல் ரகம் அது. கண்ணாடியை ஏற்றி இறக்க சுவிட்ச், பின் சீட்டுக்கும் பெல்ட். பின்னால் இடது பக்க பெல்ட் மட்டும் மாட்டியபடி இருந்தது. சிவப்புப் பட்டனை எவ்வளவு அமுக்கியும் விடவில்லை. கத்தியால் அறுத்தேன். பட்டென்று தெறித்தது. எஞ்சினில் இருந்த தண்ணீரை அன்றைக்கே வடித்து, எண்ணெய் ஊற்றி, கையால் சுழற்றிவிட்டு வைத்தேன். நல்ல எஞ்சின்தான். அந்தக் கோடு ஒன்றுதான்…

அந்தக் கோட்டை, பெயிண்டைக் கரைக்கிற தின்னரில் நனைத்த துணியால் துடைத்தேன். சுத்தமான எஞ்சின் என்று சொல்லி, அதன் விலையை மச்சான் பணத்தில் கழித்துக்கொண்டேன். யார்டுக்குக் கட்டியது பாதி விலை, இடைப்பட்ட பணம் என் பையில். அந்த மாதம் என் வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லித்தான் மனசைச் சமாதானம் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, யார்டுக்கு லீவு. பின்பக்க ஷெட்டில் நானும் மச்சானும் மட்டும். மத்தியானம் மூன்று மணி பத்து நிமிஷம் இருக்கும். எஞ்சின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஹோஸ் கிளிப் வாங்க அவன் வெளியே போனான்.

சொட்… சொட்…

எண்ணெயாக இருக்கும் என்று குனிந்தேன். தண்ணீர். தெளிந்த தண்ணீர். நான்கு மாதமாகக் காய்ந்து கிடந்த எஞ்சின் அது. துடைத்தேன். மறுபடியும் சொட்டியது. பாசி வாடை அடித்தது.

எஞ்சினின் உள்சத்தம் கேட்க நாங்கள் ஒரு வேலை செய்வோம். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைப்போம். ஸ்பேனரால் எஞ்சின் தண்டைச் சுற்றிக்கொண்டே கேட்டேன். சரியாகத்தான் இருந்தது. சுற்றுவதை நிறுத்தினேன்.

சத்தம் நிற்கவில்லை.

டொக்… டொக்… டொக்…

இரும்பில் இரும்பு படும் சத்தம் எனக்குத் தெரியாதா? இது அது இல்லை. விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டுகிற சத்தம்.

"என்ன மாமா, எஞ்சின் ரகசியம் சொல்லுதா?" மச்சான் வாசலில் நின்றான்.

நல்ல எஞ்சின் என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன்.

சாவியைத் திருப்பிய முதல் தடவையிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. புகை இல்லை. அவன் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அந்தக் கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை ஆறேகாலுக்கு போன் செய்தான். ராத்திரி ஏற்றிவிட்டுப் பூட்டிய கண்ணாடிகள் காலையில் இறங்கியிருக்கின்றனவாம். பிள்ளைகளைத் திட்டியிருக்கிறான். அன்று ராத்திரி சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்திருக்கிறான். மறுநாளும் இறங்கியிருந்தன. அவன் கார் கைப்பிடி சுற்றி இறக்குகிற பழைய ரகம். யாரோ உட்கார்ந்து சுற்றினால்தான் இறங்கும்.

நான்கில் மூன்றுதான் இறங்கின. பின்னால் இடது பக்கம் மட்டும் இறங்கவில்லை. அவனே முயன்றும் அந்தக் கைப்பிடி அசையவில்லை. கதவைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு குறையும் இல்லை. பூட்டிய பிறகு மறுபடியும் அசையவில்லை.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். "விடு, அந்தப் பக்கம் சாரல் அடிக்காது" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து ஒருநாள் சாயங்காலம், ஆஸ்பத்திரியில் ஒரு சொந்தக்காரரைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். மச்சான் ஓட்டினான், பக்கத்தில் நான். நல்ல மழை. என் மனைவி ஏறும்போது நான்தான் சொன்னேன்: "இடது பக்கம் உட்காரு. நனைய மாட்டே."

மணி ஐந்து இருபது. ரயில் பாலத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. முன்னால் போன வேன் கடந்துவிட்டது. நாங்களும் இறங்கினோம். நடுவில் எஞ்சின் நின்றது.

எங்கேயோ வாய்க்கால் உடைத்துக்கொண்டது போல. தண்ணீர் விறுவிறுவென்று ஏறியது. முழங்கால்… சீட்… கதவைத் தள்ளினேன். வெளியே இருந்த தண்ணீர் திருப்பித் தள்ளியது.

கண்ணாடி எல்லாம் மேலே.

டொக்… டொக்… டொக்…

எஞ்சின் பக்கமிருந்து.

என் கதவின் கைப்பிடி சுற்றியது. நான் தொடவில்லை. மெதுவாக… ஒரு சுற்று… இன்னொரு சுற்று. மச்சான் பக்கமும் சுற்றியது. பின்னால் வலது பக்கமும். மூன்று கண்ணாடிகள் இறங்கின.

மச்சான் ஜன்னல் வழியாக வெளியேறினான். நான் திரும்பி, வலது பக்கமாக நகர்ந்து வரும்படி அவளிடம் சொன்னேன்.

அவள் அசையவில்லை.

"முடியலைங்க… ஏதோ இறுக்குது."

சீட்டைத் தாண்டிக் கையை விட்டேன். தண்ணீருக்குள் ஒரு பட்டை தட்டுப்பட்டது. தட்டையான, வழுக்குகிற பட்டை. அவள் தோளிலிருந்து இடுப்பு வரை.

அந்தக் காரில் பின் சீட்டுக்கு பெல்ட் கிடையாது.

இழுத்தேன். இன்னும் இறுகியது. தண்ணீர் அவள் கழுத்துக்கு வந்தது.

என் வாய் தானாகப் பேசியது. மெதுவாகத்தான் சொன்னேன்.

"தப்பு என்னுது. தெரிஞ்சேதான் எடுத்தேன். கோட்டை அழிச்சது நான், காசு எடுத்தது நான். இவளுக்கு ஒண்ணும் தெரியாது. விட்டுடுங்கம்மா."

ஏன் 'அம்மா' என்றேன்… தெரியவில்லை.

பட்டை தளர்ந்தது.

மேட்டில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். ஜன்னலுக்கு வெளியே நின்ற மச்சானுக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. விவரம் கேட்டான். கோடு, தின்னர், பணம், ஒன்று விடாமல் சொன்னேன்.

"காசு போகட்டும். தெரிஞ்சும் அக்காவை அந்த சீட்டுல உட்கார வச்சீங்களே."

மாமா என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்வதில்லை. கடன் வாங்கிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அப்போதும் அவன் எண்ணவில்லை. அந்த எஞ்சினை நானே இறக்கி, எல்லாப் பக்கமும் வெள்ளைக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். விற்க விடமாட்டேன்.

பாலத்தடியில் மூழ்கியதற்கு மறுநாள் காலை எங்கள் காரை வெளியே இழுத்த கிரேன்காரரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. ஏரியில் மூழ்கிய காரை யார்டில் கொண்டுவந்து இறக்கியவர் அவர்தான். அதில் யார் செத்தார்கள் என்று முதல்முறையாகக் கேட்டேன்.

தாயும் மகனும் என்றார். மகன் முன்னால் இருந்திருக்கிறான். கண்ணாடியைத் தட்டித் தட்டி விரல் முட்டியெல்லாம் காயமாம்.

"அம்மா?"

"அந்தம்மா இன்னை வரைக்கும் கிடைக்கலப்பா. நாலு கண்ணாடியும் ஏத்தித்தான் இருந்துச்சு, கதவும் திறக்கல. பின்னாடி இடது பக்கம் பெல்ட்டு மாட்டினது மாட்டினபடி… உள்ள ஆள் இல்ல."

அவர் கிரேனில் ஏறிப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். அந்த பெல்ட்டை அறுத்த நாள் நினைவுக்கு வந்தது.

ஆள் இல்லாத பெல்ட் சீட்டோடு ஒட்டிக் கிடக்கும்.

அது ஒட்டிக் கிடக்கவில்லை. சீட்டிலிருந்து ஒரு முழம் முன்னால் தள்ளி, வளைந்து, விறைப்பாக நின்றது.

அதைத்தான் அறுத்தேன்.